பத்தாம், பதினோராம் தர ஆங்கில வகுப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் உள்ள தமிழ்மொழிமூலப் பாடசாலை ஒன்றில் 10ஆம், 11ஆம் தரங்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கிறேன். முதலாம் தவணை தொடங்கியதும் பிள்ளைகளும் பெற்றோரும் கேட்கும் கேள்விகள் ஆண்டுக்கு ஆண்டு பெரிதாக மாறுவதில்லை என்பதால், அவற்றுக்குரிய பதில்களை ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். பரீட்சை பற்றிய தகவல்கள் நாடு முழுவதற்கும் பொதுவானவை. வேலைகளும் விதிகளும் என்னுடைய வகுப்புக்கு மட்டும் உரியவை.

இந்த இரண்டு ஆண்டுகளில் எவற்றைப் படிக்க வேண்டும்?

கல்வி வெளியீட்டுத் திணைக்களம் இலவசமாக வழங்கும் பாடநூலும் அதனோடு வரும் பயிற்சிப் புத்தகமும்தான் அடிப்படை. தேசிய கல்வி நிறுவகத்தின் பாடத்திட்டம் கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் ஆகிய நான்கு திறன்களையும் எதிர்பார்க்கிறது. ஆனால் 11ஆம் தரத்தின் முடிவில் எழுதும் க.பொ.த (கல்விப் பொதுத் தராதரப் பத்திர) சாதாரண தரப் பரீட்சை எழுத்துப் பரீட்சை மட்டுமே என்பதால், பல வகுப்புகளில் கேட்டலும் பேசுதலும் நேரம் மிஞ்சினால் பார்க்கலாம் என்று ஒதுக்கப்பட்டுவிடுகின்றன. என் வகுப்பில் அப்படிச் செய்வதில்லை. வாயால் ஒரு வசனத்தைச் சொல்லிப் பழகாத பிள்ளை அதே வசனத்தைத் தாளில் எழுதும்போது, ஒவ்வொரு சொல்லுக்கும் தமிழில் யோசித்து, மொழிபெயர்த்து, அழித்து, மீண்டும் எழுதி, பாதி வினாத்தாளிலேயே நேரத்தைத் தொலைத்துவிடுகிறது.

பரீட்சை வினாத்தாள் எப்படி அமைந்திருக்கும்?

இரண்டு வினாத்தாள்கள் உண்டு. முதலாவதற்கு 1 மணித்தியாலம். இரண்டாவதற்கு 2 மணித்தியாலங்கள். இரண்டிலுமாக 16 வினாக்கள் தொடர் இலக்கத்தில் வருகின்றன. தொடக்கத்தில் உள்ளவை படம் பார்த்துச் சொல் தெரிதல், இடைவெளி நிரப்புதல், பொருத்துதல் போன்ற குறுகிய வேலைகள்; வகுப்பில் ஒழுங்காக இருந்த எவரும் இவற்றில் புள்ளி பெறலாம். அதன்பின் வாசிப்புப் பந்திகள், அறிவித்தல் அல்லது அழைப்பிதழ், கடிதம் அல்லது வரைபு விளக்கம் என்று வளர்ந்து, இறுதியில் ஏறத்தாழ 200 சொற்களில் எழுத வேண்டிய கட்டுரை, பேச்சு, உரையாடல், கதை போன்றவற்றுள் ஒன்றைத் தெரிவுசெய்யும் வினாவில் முடியும்.

75 புள்ளியும் அதற்கு மேலும் ஏ, 65 முதல் பி, 50 முதல் சி, 35 முதல் எஸ். 35க்குக் கீழே டபிள்யூ, அதாவது சித்தி (தேர்ச்சி) இல்லை. எஸ் சித்திக்கும் சி சித்திக்கும் இடையே நிற்கும் பிள்ளைகளே எங்கள் பக்கத்தில் அதிகம். அவர்களை மேலே தூக்கக்கூடியவை எழுத்து வினாக்களே என்பதால், இரண்டு ஆண்டுகளின் பெரும்பகுதியை அவற்றுக்கே செலவிடுகிறேன்.

நல்ல கட்டுரைகளை மனப்பாடம் செய்துவிட்டால் போதாதா?

போதாது. இந்த ஒரு பழக்கத்தைத்தான் நான் மிகக் கடுமையாக எதிர்க்கிறேன்.

ஒரு தவணைப் பரீட்சையில் 'எனது கிராமம்' பற்றி எழுதச் சொல்லியிருந்தேன். கொக்கட்டிச்சோலைப் பக்கத்துப் பிள்ளை ஒன்று, தன் கிராமத்தைப் பச்சை மலைகள் சூழ்ந்திருப்பதாகவும், அதிகாலையில் மூடுபனிக்கு நடுவே பெண்கள் தேயிலைக் கொழுந்து பறிக்கச் செல்வதாகவும் எழுதியிருந்தது. அந்தப் பிள்ளையின் வீட்டு வாசலில் நின்று பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் வயலும், அதற்கப்பால் பனையும்தான் தெரியும். மலைநாட்டை மனதில் வைத்து யாரோ எழுதிய வழிகாட்டிப் புத்தகக் கட்டுரை அப்படியே இறங்கியிருந்தது. எழுத்துப் பிழை அதிகம் இல்லை. ஆனால் தாளில் கொடுக்கப்பட்டிருந்த குறிப்புகளோ கிராமத்தின் தொழில், திருவிழா, தீர்க்கப்பட வேண்டிய ஒரு பிரச்சினை என்பவற்றைக் கேட்டிருந்தன. அவற்றுள் ஒன்றுக்கும் அந்தக் கட்டுரையில் பதில் இல்லை. புள்ளி வழங்கும்போது உள்ளடக்கம், மொழி, எழுத்தும் நிறுத்தக்குறியும், ஒழுங்கமைப்பு என்று தனித்தனியாகப் பார்க்கப்படுகிறது. கேட்கப்படாததை அழகாக எழுதினாலும் உள்ளடக்கத்துக்கான புள்ளி கிடைக்காது.

மனப்பாடம் செய்யத் தகுந்தவையும் உண்டு. உத்தியோகபூர்வக் கடிதத்தில் முகவரியும் திகதியும் நிற்க வேண்டிய இடம், தொடக்க வசனம், முடிவு வசனம், அறிவித்தலின் அமைப்பு, வரைபை விளக்கும்போது 'கூடியது', 'குறைந்தது', 'இரு மடங்கு' என்று ஒப்பிடப் பயன்படும் தொடர்கள் ஆகியவற்றைப் பிழையின்றி மனதில் வைத்திருப்பது நல்லது. இடையில் வரும் செய்தி பிள்ளையினுடையதாக இருக்க வேண்டும்.

கிழமைக்கு எவ்வளவு எழுத வேண்டும்?

ஒரு வேலை. 10ஆம் தரத்தின் முதலாம் தவணையில் ஒரு சிறு பந்தி. 11ஆம் தரத்துக்கு வரும்போது முழு நீளக் கட்டுரை. வெள்ளிக்கிழமை தலைப்புத் தருவேன். செவ்வாய்க்கிழமை கொப்பி மேசைக்கு வர வேண்டும். தலைப்புகள் எங்கள் ஊருக்குள்ளேயே இருக்கும்: பெரும்போக அறுவடை நாள், அம்மன் கோயில் சடங்கு, எருமைத் தயிர் சந்தைக்குப் போகும் விதம், வாவியில் இறால் பிடிக்கும் ஒருவரோடு செவ்வி. தெரிந்த விடயத்தை எழுதும்போது மொழி ஒன்றுடன் மட்டும் மல்லுக்கட்டினால் போதும்.

கொப்பியில் வலது பக்கத்தில் மட்டும் எழுத வேண்டும். இடது பக்கம் திருத்தி எழுதுவதற்கு. முதல் எழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை. திருத்தி எழுதியதற்கே புள்ளி. இதைக் கேட்டதும் சில பெற்றோருக்குப் புள்ளி 'சும்மா' கொடுப்பதுபோல் தோன்றுகிறது. ஆனால் முதல் எழுத்துக்குப் புள்ளி இட்டால் பிள்ளை இலக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கொப்பியை மூடிவிடும் என்பது ஆசிரியர்கள் எல்லோரும் கண்டதுதான்.

திருத்தும்போது ஏன் சரியான விடையை நீங்களே எழுதிக் கொடுப்பதில்லை?

பிழை இருக்கும் இடத்தின் கீழே கோடிட்டு, ஓரத்தில் ஒரு குறியீடு மட்டும் இடுவேன்: கா என்றால் காலம், வி என்றால் விடுபட்ட சொல், ஒ என்றால் எழுவாய்க்கும் பயனிலைக்கும் ஒற்றுமை இல்லை, எ என்றால் எழுத்துப் பிழை. எதுவென்று கண்டுபிடிப்பது பிள்ளையின் வேலை.

ஓர் உதாரணம் காட்டுகிறேன். 'மை ஃபாதர் ஃபார்மர். ஹி கோ ஃபீல்ட் எவ்ரி டே' என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தால், முதல் வசனத்தின் ஓரத்தில் இரண்டு வி, இரண்டாவதன் ஓரத்தில் ஓர் ஒவும் இரண்டு வியும் விழும். 'என் அப்பா விவசாயி' என்ற தமிழ் வசனம் வினைச்சொல் இல்லாமலே முழுமையானது. விவசாயிக்கு முன்னால் 'அ', வயலுக்கு முன்னால் 'த' போன்ற சுட்டிகள் எதுவும் அதற்குத் தேவையில்லை. 'வயலுக்கு' என்பதில் உள்ள 'கு' உருபுக்கு ஈடாக ஆங்கிலத்தில் தனியாக ஒரு 'டு' வேண்டும். இந்தப் பிழைகளைச் செய்யும் பிள்ளை மந்தமான பிள்ளை அல்ல. தமிழை ஒழுங்காகப் பேசும் பிள்ளை. திருத்திய பின் 'மை ஃபாதர் இஸ் அ ஃபார்மர். ஹி கோஸ் டு த ஃபீல்ட் எவ்ரி டே' என்று இடது பக்கத்தில் வந்துவிடும். இதை நான் எழுதிக் கொடுத்திருந்தால் அடுத்த கிழமையும் அதே பிழை வரும்.

ஒரே வேலையில் எல்லாப் பிழைகளையும் குறிப்பதும் இல்லை. ஒரு மாதம் காலம், அடுத்த மாதம் விடுபட்ட சொற்கள் என்று போகும். எனவே கொப்பியில் குறிக்கப்படாத பிழையைக் கண்டு 'சேர் கவனிக்கவில்லை' என்று எண்ண வேண்டாம்.

ஆங்கிலச் சொற்களின் மேல் உச்சரிப்பைத் தமிழில் எழுதிவைத்துப் படிக்கலாமா?

வேண்டாம். பாடநூலின் பக்கம் முழுவதும் சொற்களின் தலையில் பென்சிலால் தமிழ் எழுத்து நிறைந்திருப்பதை ஆண்டுதோறும் காண்கிறேன். பூங்காவைக் குறிக்கும் சொல்லையும் நாய் குரைப்பதைக் குறிக்கும் சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டும் 'பார்க்' என்றே வரும். பிறகு பிள்ளையின் கண் ஆங்கில எழுத்துக்கு இறங்குவதே இல்லை. பென்சில் எழுத்தைத்தான் வாசிக்கிறது. கைபேசி அகராதியில் ஒலியைக் கேட்டு, உரக்கச் சொல்லிப் பார்ப்பதே நல்ல வழி.

கைபேசியின் மொழிபெயர்ப்புச் செயலியையும் சாட்ஜிபிடி போன்றவற்றையும் பயன்படுத்தலாமா?

ஒரு சொல்லின் பொருளைப் பார்க்கலாம், உச்சரிப்பைக் கேட்கலாம், தான் எழுதி முடித்த வசனத்தில் பிழை எங்கே என்று கேட்டுப் பார்க்கலாம். தமிழில் முழுப் பந்தியை எழுதி மொழிபெயர்க்கச் செய்வதும், தலைப்பைக் கொடுத்துக் கட்டுரையை வாங்கிக் கொப்பியில் இறக்குவதும் கூடாது.

கண்டுபிடிப்பது கடினம் அல்ல. கடந்த கிழமை 'ஹி கோ' என்று எழுதிய பிள்ளை இந்தக் கிழமை நான்கு வரி நீளமான, பிழையற்ற வசனம் எழுதினால் கொப்பியை எடுத்துக்கொண்டு மேசைக்கு வரச் சொல்வேன். அந்தக் கட்டுரையிலிருந்தே மூன்று சொற்களைக் காட்டித் தமிழில் விளக்கச் சொல்வேன். விளக்கினால் பாராட்டு, கொப்பியில் அது முழு வேலையாகப் பதியப்படும். விளக்க முடியாவிட்டால் தண்டனை இல்லை, அதே தலைப்பை வகுப்பிலேயே இருந்து எழுத வேண்டும். பரீட்சை மண்டபத்துக்குள் கைபேசி வராது என்பதை நான் ஒவ்வொரு முறையும் நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

பிள்ளை வகுப்பில் ஆங்கிலத்தில் பேச வெட்கப்படுகிறது. கட்டாயம் பேச வேண்டுமா?

வேண்டும், ஆனால் எடுத்த எடுப்பில் வகுப்பின் முன்னால் அல்ல. முதலாம் தவணையில் பக்கத்து வாங்கில் இருக்கும் ஒருவரோடு மட்டும். இரண்டாம் தவணையில் நால்வர் குழுவில். மூன்றாம் தவணையில்தான் எழுந்து நின்று இரண்டு நிமிடம். பிழையாகப் பேசுகிறவரைப் பார்த்துச் சிரிப்பவருக்கு அடுத்த பேச்சு உடனே ஒப்படைக்கப்படும் என்ற ஒரு விதி உண்டு. அது நன்றாகவே வேலை செய்கிறது.

இலக்கணப் புத்தகம் தனியாக வாங்க வேண்டுமா? டியூசன் தேவையா?

இலக்கணப் புத்தகம் தேவையில்லை. பயிற்சிப் புத்தகத்தை முதலில் முடிக்கட்டும். டியூசனைப் பொறுத்தவரை, பிள்ளை அங்கே எழுதுகிறதா, எழுதியதை யாரும் வாசித்துத் திருத்துகிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஒரு கொட்டகையில் இருத்தி, ஒலிபெருக்கியில் எதிர்பார்க்கை வினாக்களைச் சொல்லிக் கொடுக்கும் வகுப்பால் கணிதத்துக்கோ விஞ்ஞானத்துக்கோ பயன் இருக்கலாம். மொழிக்கு மிகக் குறைவு.

எதை வாசிக்கலாம்?

பிள்ளையின் நிலைக்குச் சற்றுக் கீழே உள்ளதை. ஒரு பக்கத்தில் ஐந்துக்கு மேற்பட்ட தெரியாத சொற்கள் இருந்தால் அந்தப் புத்தகத்தை வைத்துவிட்டு எளிதானதை எடுக்கட்டும். 11ஆம் தரப் பிள்ளை 6ஆம் தரப் பாடநூலை எடுத்து வாசிப்பதில் எந்த இழிவும் இல்லை. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் எல்லாத் தரப் பாடநூல்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்திலும் பாடங்கள் உண்டு. ஞாயிறு ஆங்கிலப் பத்திரிகையோடு வரும் சிறுவர் பக்கங்களும் ஏற்றவை. கிரிக்கெட் பிடித்த பிள்ளைக்கு விளையாட்டுப் பக்கத்தைக் கொடுத்துப் பாருங்கள். முடிவு ஏற்கெனவே தெரிந்திருப்பதால், தெரியாத சொற்களின் பொருளை அதுவே ஊகித்துக்கொள்ளும்.

நகரப் பாடசாலைப் பிள்ளைகளோடு எங்கள் பிள்ளைகள் போட்டியிட முடியுமா?

நகரத்துக்கு நீண்ட முன்னோட்டம் இருந்தது என்பது உண்மை. மெதடிஸ்த மிசனரியான வில்லியம் ஓல்ட் 1814இல் மட்டக்களப்புக்கு வந்து தொடங்கிய பாடசாலையே இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரியாக வளர்ந்தது. வாவியின் இந்தக் கரைக்கோ மண்முனைப் பாலம் திறக்கப்பட்டதே 2014இல்தான். அதுவரை அந்தத் துறையில் 'பாதை' எனப்படும் மிதவைப் படகில் ஏறித்தான் அக்கரை போனோம். ஆங்கில ஆசிரியர் ஒருவர் இடமாற்றம் பெற்றுப் போனால் அந்த இடம் நிரம்ப மாதங்கள் ஆகும் நிலை இன்றும் சில பாடசாலைகளில் இருக்கிறது.

ஆனால் வினாத்தாள் எல்லோருக்கும் ஒன்றே. அதில் ஒரு மொழியை இரண்டாம் மொழியாகக் கற்ற பிள்ளையிடம் எதிர்பார்க்கக்கூடியதற்கு மேல் எதுவும் கேட்கப்படுவதில்லை. கிழமைதோறும் திருத்தி எழுதும் படுவான்கரைப் பிள்ளை சி சித்தியைத் தாண்டுவதற்கு நகரத்துக் குடியிருப்புத் தேவையில்லை.

எங்களுக்கு ஆங்கிலம் தெரியாது. வீட்டில் எப்படி உதவுவது?

இரண்டு வேலைகளுக்கு ஆங்கிலம் தேவையே இல்லை. ஒன்று, ஞாயிற்றுக்கிழமை கொப்பியைத் திறந்து, கடைசித் திகதி எது, இடது பக்கம் வெறுமையாக இருக்கிறதா என்று பார்ப்பது. இடது பக்கம் வெறுமையாக இருந்தால் பிள்ளை திருத்தவில்லை என்று பொருள். மற்றது, எழுதியதை உரக்க வாசிக்கச் சொல்லிவிட்டு, அதில் என்ன இருக்கிறது என்று தமிழில் கேட்பது. அம்மாவுக்கு விளக்கத் தெரிந்த பிள்ளைக்குத் தான் எழுதியது தெரிந்திருக்கிறது. அம்மம்மாவிடம் வாசித்துக் காட்டும் பிள்ளைகளும் என் வகுப்பில் உண்டு.

ஆங்கிலத்தில் சித்தியடையாவிட்டால் உயர்தரம் படிக்க முடியாதா?

முடியும். உயர்தரத்துக்குத் தகுதி பெற, தாய்மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடங்களில் சித்தியும், அவற்றுள் மூன்றில் சி அல்லது அதற்கு மேலான சித்தியும் வேண்டும். ஆங்கிலம் அந்தக் கட்டாயத்துக்குள் வராது. உயர்தரத்தில் பொது ஆங்கிலம் என்ற வினாத்தாள் உண்டு. அதன் புள்ளி, பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கப்படும் இசட் புள்ளிக்குச் சேராது.

இதைச் சொன்னதும் சில பிள்ளைகளின் முகம் மலர்ந்துவிடுவதால், மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். மருத்துவமும் பொறியியலும் விஞ்ஞானமும் முகாமைத்துவமும் எங்கள் பல்கலைக்கழகங்களில் ஆங்கிலத்திலேயே கற்பிக்கப்படுகின்றன. வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ அனுமதி பெற்று, முதலாம் ஆண்டு விரிவுரையில் எதுவும் விளங்காமல் இருக்கும் பழைய மாணவர்கள் விடுமுறையில் வந்து என்னிடம் உதவி கேட்கிறார்கள். 11ஆம் தரத்தில் கைவிட்ட ஆங்கிலத்தை இருபது வயதில், மற்றப் பாடங்களின் சுமையோடு சேர்த்துத் தூக்குகிறார்கள்.

ஆங்கில இலக்கிய நயத்தைத் தெரிவுப் பாடமாக எடுக்கலாமா?

அது வேறு பாடம். சித்திரம், சங்கீதம், நடனம் இருக்கும் அதே தொகுதியில் வருவது. கவிதை, நாடகம், கதை ஆகியவற்றை ஆங்கிலத்தில் வாசித்து ஆங்கிலத்திலேயே கருத்துச் சொல்ல விரும்பும் பிள்ளை எடுக்கட்டும். கௌரவத்துக்காக எடுக்க வேண்டாம்.

மழைக்காலத்தில் பாடசாலைக்கு வர முடியாமற் போனால் ஒப்படைகள் என்னவாகும்?

வெள்ளத்தால் பாதை மூடப்பட்ட நாட்களுக்குப் புள்ளி குறைக்கப்படாது. நவம்பர், டிசம்பர் மாதங்களில் செவ்வாய்க்கிழமைக் கெடு நடைமுறையில் இல்லை. பாதை திறந்த முதல் பாடசாலை நாளில் கொண்டுவந்தால் போதும். மற்ற மாதங்களில் பிந்தினால் திருத்துவேன், புள்ளி பதிய மாட்டேன். நோய், வீட்டில் இழவு, அறுவடை நாளில் வயலுக்குப் போக நேர்ந்தமை போன்றவற்றுக்குப் பெற்றோர் இரண்டு வரி எழுதி அனுப்பினால் ஏற்றுக்கொள்வேன். தமிழில் எழுதலாம்.

கடந்தகால வினாத்தாள்களை எப்போது தொடங்குவது?

11ஆம் தரத்தின் இரண்டாம் தவணையில். அதற்கு முன்பு தொடங்கினால், படிக்காத பகுதியின் வினாக்களைப் பார்த்துப் பிள்ளை சோர்ந்துவிடும். முன்பு டிசம்பரில் நடந்துவந்த சாதாரண தரப் பரீட்சை, 2020ஆம் ஆண்டுக்குரியது 2021 மார்ச்சுக்குத் தள்ளிப்போனதிலிருந்து மாதம் மாறி மாறியே நடந்திருக்கிறது; 2024ஆம் ஆண்டுக்குரியதும் 2025 மார்ச்சில்தான் நடந்தது. ஆகவே மூன்றாம் தவணை முடிந்த பின்னும் சில கிழமைகள் கையில் இருக்கலாம். அந்த இடைவெளியில் பிள்ளைகள் வீட்டில் இருந்துகொண்டு வழிகாட்டிப் புத்தகக் கட்டுரைகளுக்குத் திரும்பிவிடாமல், மூன்று மணித்தியாலமும் மணிக்கூட்டை முன்னால் வைத்து ஒரு முழு வினாத்தாளை எழுதிக் கொண்டுவர வேண்டும். வினாத்தாளின் இலக்கத்தையும் ஆண்டையும் முதல் பக்கத்தில் எழுதி, காரியாலயத்தில் என் பெயரிட்ட பெட்டியில் போட்டுவிட்டுப் போகலாம். திருத்தி அடுத்த திங்கட்கிழமை கொடுப்பேன்.